மீன் வாடை

டின் மீன் ஆலையில் அவித்த சூரை மீன்கள் மேசைமேல் வந்து விழுந்தபடி இருந்தன. உலமிலா தோலைச் சுரண்டினாள், நடுமுள்ளை உருவினாள், கறுத்த சதையை ஒதுக்கி வெள்ளைச் சதையைத் தட்டில் வைத்தாள். கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. மனசு முழுக்க வலது பூட்ஸுக்குள் கிடந்தது.

சில நாட்களுக்கு முன் தரையில் கிடந்த மீன்முள் ஒன்று, தேய்ந்த ரப்பர் அடியைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்குக் கீழே ஏறியிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. பூட்ஸைக் கழற்றியபோது காலுறையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். சர்க்கரை வியாதி அவள் பாதங்களை மரக்கட்டையாக்கி வெகுநாளாகிறது.

கையிலோ காலிலோ புண் இருப்பவர்கள் ஆலைக்குள் வரக்கூடாது. ஆறும்வரை வீட்டில் இருக்கலாம், சம்பளம் கிடையாது. வாசலில் நிற்கும் நர்ஸ் கைகளைத் திருப்பிப் பார்ப்பாள், கால்களைப் பற்றி வாயால் கேட்பாள். அத்தனை பேரும் பூட்ஸைக் கழற்றி மாட்டினால் ஷிப்ட் எப்போது தொடங்குவது? உலமிலாவும் மற்றவர்களைப்போல "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். புயலில் போன கூரைக்குத் தகரம் பாதிதான் ஏறியிருந்தது. கணவனின் படகும் அதே புயலில் உடைந்து கரையில் கிடந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கிராமத்துச் சுகாதாரத் தொண்டர் அவள்தான். தினமும் பாதத்தைப் பாருங்கள், சின்னப் புண்ணானாலும் மறைக்காதீர்கள் என்று மாதர் கூட்டத்தில் தொண்டை வறளப் பேசுகிறவள். அவளும் தினமும் பார்த்தாள். மருந்து போட்டுக் கட்டினாள். வலிக்காத புண் பெரிய புண்ணா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்ததால் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் பாயில் அமர்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்தில் கணவனின் தங்கை வசிதி. ஆலையிலும் பக்கத்து இடம்தான் அவளுக்கு. ஃபிஜியில் அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாவிட்டால்தான் குற்றம். வசிதி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, ஜெபம் பண்ண வந்தியா, இல்ல டின்னுல அடைக்க வந்தியா? சூரை நாத்தம் உன்கூடவே வருது."

பந்தியே சிரித்தது. உலமிலாவும் சிரித்தாள். எலுமிச்சை இலை போட்டுக் குளித்தும் போகவில்லையே என்றுதான் அவளும் நினைத்தாள். அங்கே எல்லா வீட்டிலும் ஆலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். துணியில், தலைமுடியில், குழந்தைகளின் தலையணையில்கூட மீன் வாடைதான். கெட்ட வாடை எதுவானாலும் அதை மீன் கணக்கில் எழுதிவிட்டு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போதகரின் மனைவி தொக்காசா மட்டும் சிரிக்கவில்லை. மலைநாட்டிலிருந்து புதிதாக வந்தவள், மீன் வாடைக்கு அவள் மூக்கு இன்னும் பழகவில்லை. பாத்திரம் கழுவுமிடத்தில் உலமிலாவைத் தனியே பிடித்தாள்.

"இது மீன் வாசம் இல்லம்மா. எங்கப்பா கால் அழுகினப்போ வீட்டுல இந்த வாசம்தான் இருந்துச்சு. காலைக் காட்டு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முன்பே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆலையில் சுகாதார நாள் வந்தபோது அவளைப் பேச அழைத்தார்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு, கழுத்தில் பூமாலை போட்டு உட்காரவைத்தார்கள். தன் கதையை ஒளிக்காமல் சொன்னாள். சில பெண்கள் அழுதார்கள். மேற்பார்வையாளர் அபெலி நன்றி சொல்லிவிட்டு, யாருக்காவது புண் இருந்தால் இப்போதே சொல்லிவிடலாம் என்றார். சம்பளம் கிடையாது என்ற விதி மாறியதா என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். மாறவில்லை என்றார். பெண்கள் தரையைப் பார்த்தபடி எழுந்தார்கள். சங்கு ஊதியது.

கூட்டம் உள்ளே போகத் தொடங்கியது. கடைசியாகப் போன வசிதியின் இடது குதிகால் தரையில் படவில்லை. உலமிலா அதைக் கண்டுவிட்டாள். கூப்பிட்டாள். வசிதி வந்து குனிந்தாள்.

"பூட்ஸக் கழட்டு."

"சின்ன வெட்டுதான் அண்ணி."

"கழட்டுடி."

வசிதி குரலைத் தாழ்த்தினாள். இந்த முறை அதில் கிண்டல் இல்லை.

"கழட்டினா ரெண்டு வீட்டுக்கும் அரிசி யாரு வாங்குறது?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அபெலி, என்ன விஷயம் என்று கேட்டார். உலமிலா வாயைத் திறந்தாள். வசிதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் உலமிலா. "சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவரச் சொன்னேன்."

வசிதி நிமிர்ந்து கதவை நோக்கி நடந்தாள். அபெலி பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் இடது குதிகாலை நன்றாக ஊன்றியே நடந்தாள்.