லோத்குண்டாக் குரங்கு

எலிசபெத்துக்கு எரிச்சல் தலைக்கேறியது. 1936ஆம் வருஷத்துக் கோடை முழுக்க அந்தக் கனத்த காமிராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தது இதற்குத்தானா?

செகந்திராபாத்தில் சொந்தமாகப் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாள். கல்யாண ஜோடிகளையும் கைக்குழந்தைகளையும் படமெடுத்துப் பிழைப்பவள். லோத்குண்டாக் குளத்தைச் சுற்றியிருந்த காட்டை ஒரு விறகுக் காண்ட்ராக்டர் மொட்டையடிப்பதைப் பார்த்ததிலிருந்து அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கண்ணால் பார்த்தாலாவது உறைக்கும் என்று நம்பி, ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர்களின் மன்றத்தில் மாஜிக் லாந்தர் வைத்துத் தன் படங்களைத் திரையில் காட்டினாள்.

வெட்டிச் சாய்த்த புளியமரம் திரையில் விழுந்தது.

“பின்னால நிக்கிறது நம்ம அய்யாக்கண்ணு வண்டியில்ல?” என்றார் ஒருவர்.

“மாடு ஜோரா இருக்குப்பா!”

“மாட்டைப் பாக்காதீங்க, மரத்தைப் பாருங்க!” என்று எலிசபெத் கத்தினாள். அடுத்து வெறும் அடிக்கட்டைகளாக நின்ற மேடு. யாரோ சத்தமாகக் கொட்டாவி விட்டார்கள்.

கீறல் விழுந்த ஒரு கண்ணாடிப் படத்தகட்டுக்குப் பதிலாக ஏதோ ஒன்று இருக்கட்டும் என்று சொருகியிருந்த படம் அதன்பிறகு வந்தது. அடிக்கட்டை மேல் ஒரு குரங்கு, மார்போடு ஒட்டிய குட்டி. மன்றமே அடங்கிப்போனது.

முன்வரிசையில் இருந்த ஃபோர்மன் மனைவி தாயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஐயோ, பச்சப்புள்ளைய வெச்சிக்கிட்டு எங்க போவும்? வீடு போச்சே அதுக்கு!”

“அக்கா, அது அழலை. எங்கிட்ட இருந்த வேர்க்கடலையைத் தின்னுட்டு இன்னும் குடுன்னு பாக்குது.”

“நக்கோம்மா, வேணாம், அனுமாரை வெச்சி விளையாடாதே,” என்று மன்றத்துக் காரியதரிசி புருஷோத்தமன் அதட்டினார்.

மறுநாள் அவரும் தாயம்மாளும் ஒரு வாழைத்தாரோடு ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். குரங்குகளுக்காம்.

“பழம் எதுக்கு?” எலிசபெத் வெடித்தாள். “மரம் வெட்டுறதை நிறுத்தச் சொல்லி யாராவது கேக்கப்படாதா?”

“ஹவ், ஆமாம்மா, அதையும் கேட்டுட்டாப் போச்சு,” என்றார் புருஷோத்தமன், ஏதோ சின்ன வேலையைச் சொல்வதுபோல.

எலிசபெத் பல்லைக் கடித்துக்கொண்டு குரங்குப் படத்தைப் பெரிதாகப் போட்டு, அடிக்கட்டைப் படங்களோடு சேர்த்துக் கொடுத்தாள். முப்பது நாற்பது பேர் அதைத் தூக்கிக்கொண்டு கண்டோன்மெண்ட் அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். அடிக்கட்டைப் படங்களை அவர் சீட்டுக்கட்டைப்போலத் தள்ளிவிட்டார். குரங்கைப் பார்த்ததும் கையிலிருந்த சுருட்டைக் கீழே வைத்தார். குளக்கரை மரங்களைத் தொடக் கூடாதென்று உத்தரவாயிற்று. அதற்குள் மேட்டில் மீதியிருந்த காடும் விறகாகிவிட்டது.

“பாத்தியா, நம்ம குரங்கு காப்பாத்திடுச்சு!” தாயம்மாளுக்கு ஒரே பூரிப்பு.

“மேட்டுக்காடு போச்சேக்கா!”

“அங்கே குரங்கு இருந்துச்சா?”

எலிசபெத் அடிக்கட்டைப் படங்களைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

மழைக்காலம் முடிந்ததும் குகட்பள்ளிப் பக்கம் கோடாரி விழுவதாகக் கேள்விப்பட்டாள். மறுநாள் காலையிலேயே போய்க் காமிராவை நிறுத்தினாள். எதிரே பெரிய ஆலமரம் ஒன்று, பாதி வெட்டுப்பட்டு நின்றது. அதைப் படமெடுக்கவில்லை. கூடு கலைந்த கொக்கு ஏதாவது கண்ணில் படுகிறதா என்று, ஊரையே திட்டிக்கொண்டு, கிளை கிளையாகத் தேடினாள்.