அண்ணனூர் மாடியில் ஒரு பிடி கல்லுப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஆவடி லோக்கல் ரயிலில் ஓசியில் கிடைத்தது. எதிர் இருக்கையில் ஒரு பெண், மடியில் தெர்மாகோல் பெட்டி, உள்ளே பிறாண்டும் சத்தம். "நண்டா? குழம்புக்கா?" என்று கேட்டேன். "ஆராய்ச்சிக்கு" என்றாள், பேசின் பிரிட்ஜிலிருந்து எல்லாரும் இதையே கேட்டுச் சலித்த முகத்தோடு. எனக்கு ஒரு கதை தேவைப்பட்டது. அவளுக்குக் கை வலித்தது, பெட்டியைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. பண்டமாற்று முடிந்தது.

பெயரை மாற்றி ஜெபிஷா என்று வைத்திருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், புகுந்த வீடு அண்ணனூர். கணவன் ரூபஸ், மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் கார் ஷெட்டில் வேலை. மாமியார் ஞானகுமாரி. ஆட்கள் இவ்வளவுதான். நண்டுகளுக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் பின்னால் கஷ்டம்.

2

முதல் தொடக்கம்: 'அண்ணனூர் போர்வெல் தண்ணீரில் முகம் கழுவும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு கடல் —'

சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் கதை நகராது. சேற்று நண்டு ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் வாழ்கிறது. மழை பெய்தால் அங்கே உப்பு குறையும், கடல் ஏறினால் கூடும். நண்டின் செவுள்களில் முன்னால் இருப்பவை பெரும்பாலும் மூச்சுக்கு. பின்னால் இருப்பவற்றுக்கு வேறு உத்தியோகம். தண்ணீரில் உப்பு குறைந்ததும் அவை விழித்துக்கொண்டு, வெளியே இருக்கிற கொஞ்சநஞ்ச உப்பையும் இழுத்து ரத்தத்தில் சேர்க்கும். சும்மா இல்லை, தின்றதை எரித்துத்தான் இழுக்க வேண்டும். இந்த வேகம் ஒரே நாளில் வராது, பழகிப் பழகித்தான் ஏறும். உப்பு திரும்பி வந்தால் மறுபடி தணிந்துவிடும். அது எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் ஜெபிஷாவின் ஆராய்ச்சி.

கல்லூரி ஆய்வகத்தின் கூரை ஒழுகிப் பூச்சு வேலை நடந்ததால், தொட்டிகள் இரண்டும் மாமியார் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தன. ஒன்றில் கடல் தண்ணீர், மற்றதில் உப்பைக் குறைத்த தண்ணீர். "இந்தத் தடவை சரியா வரலேன்னா இன்னொரு நீட்டிப்பு கேக்காதம்மா, என்னால கையெழுத்துப் போட முடியாது" என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். இத்தனை வருடப் படிப்பும் அந்த இரண்டாவது தொட்டியில் மிதந்தது. (நண்டு மிதக்காது, தெரியும். மிதந்தது படிப்பு.)

3

உங்கள் யூகம் எனக்குத் தெரியும். மாமியார் நண்டைக் குழம்பு வைத்துவிடுவாள். நானும் அப்படித்தான் எழுதினேன். ஞானகுமாரி கடலோரக் காசிமேட்டில் பிறந்தவள் வேறு. மசாலா வாசனைக்கே ஒரு பத்தி ஒதுக்கினேன். எழுதியதை ஜெபிஷாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"எங்க அத்தையப் பத்தி அப்படி எழுதாதீங்க. ஆராய்ச்சி நடந்தப்ப அவங்க அந்த நண்டத் தொடவே இல்ல" என்றாள். பிறகு அவளே, "குழம்பு வச்சிருந்தாக்கூடத் தேவல" என்றாள்.

இன்னொரு ஆசையும் எனக்கு இருந்தது. மருமகள் என்பவள் உப்பில்லாத தண்ணீரில் விடப்பட்ட நண்டு என்று ஓர் உவமை. இப்படிக் கையருகே பழுத்துத் தொங்கும் உவமையைப் பறிக்கிறவன் எழுத்தாளன் இல்லை. பறிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன்.

4

அன்று ஜெபிஷா மதியமே வீடு திரும்பினாள். (கல்லூரியில் ஏதோ இரங்கல் விடுமுறை. இறந்தது யார் என்று கேட்காதீர்கள், கதைக்கு அவள் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.) மாடியேறினால், இரண்டாவது தொட்டியின் முன்னால் ஞானகுமாரி குந்தியிருந்தாள். பக்கத்தில் கல்லுப்பு ஜாடி. ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் தூவிவிட்டு, நண்டுகளைப் பார்த்து "மெதுவா, மெதுவா" என்றாள்.

"அத்தை! என்ன செய்றீங்க?"

"கத்தாத, பயந்துக்கும். ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. கடல்ல பொறந்தத கொண்டாந்து பச்சத் தண்ணில போட்டுகீறியே, பாவம் இல்ல? அந்தத் தொட்டிக்கு உப்பு போட்ட, இத்த மறந்துட்ட. சொன்னா சங்கடப்படுவேன்னு நானே போட்டுகினு கீறேன்."

"தினமுமா?"

"நீ காலேஜுக்குப் போனப்புறம் ஒரு புடி. இப்பப் பாரு, இன்னா தெம்பா நடக்குதுங்க!"

(ஜெபிஷா தினமும் உப்பை அளக்க மாட்டாளா என்று கேட்கிறீர்கள். அளந்தாள். காலைதோறும் உப்பு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அண்ணனூர் வெயிலில் தண்ணீர் வற்றுகிறது என்று நினைத்து, வெயிலைத் திட்டிக்கொண்டே நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தாள். காலையில் மருமகள் குறைக்க, அவள் தலை மறைந்தபின் மாமியார் கூட்ட, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மொட்டை மாடியில் கடல் மாதிரி ஏறி இறங்கும் ஓதம் நடத்தியிருக்கிறார்கள். பின்செவுள் இழுக்கத் தயாராகும்போதெல்லாம் உப்பு தானாக வந்து நின்றிருக்கிறது.)

ஜெபிஷா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திட்ட வாயெடுத்தாள். அதற்குள் ஞானகுமாரி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நான் காசிமேட்லேந்து இந்த ஊட்டுக்கு வந்தப்ப எத்தினியோ நாளு சோறு எறங்கலம்மா. அப்ப இங்க ஒரே பொட்டலு. கடல் சத்தம் இல்லாம தூக்கமே வராது. எல்லாரும் 'பழகிடும், பழகிடும்'னாங்க. பழகிட்டேன், வேற இன்னா பண்றது? ஆனா ஒருத்தராவது அன்னிக்கி..." ஜாடியை மூடினாள்.

(சத்தியம் செய்தது நான். ஞானகுமாரி எந்தச் சத்தியமும் செய்யவில்லை. என் கதைக்குள் அவளாக வந்து பழத்தைப் பறித்துக் கையில் கொடுத்துவிட்டாள். நான் என்ன செய்ய?)

5

முடிவு அ: ஏறி இறங்கும் உப்பையே ஜெபிஷா ஆராய்ச்சிப் பொருளாக்குகிறாள். பேராசிரியர் வியக்கிறார். ஆய்வேட்டின் நன்றியுரையில் மாமியார் பெயர். நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இதையும் போனில் வாசித்தேன். "எப்ப எவ்வளவு உப்புன்னு கணக்கே இல்ல. 'ஒரு பிடி'ன்னா எழுத முடியும்? அது பொய்ங்க" என்றாள். அடித்தேன்.

முடிவு ஆ: ஜெபிஷா கத்துகிறாள், ஞானகுமாரி அழுகிறாள், அப்போது ரூபஸ் வந்து —

ரூபஸ் வந்து இதுவரை எதுவும் தீர்ந்ததில்லையாம். அதையும் விட்டுவிட்டேன்.

அடிக்குறிப்பாக ஒன்று: செவுளின் வேகத்தை அளக்க, கடைசியில் நண்டை ஐஸில் மரத்துப்போகவைத்து அறுத்தாக வேண்டும். ஞானகுமாரிக்கு இதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை, அந்த வீட்டில் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு தருவதாக ஜெபிஷா சொல்லியிருக்கிறாள்.

6

வேறு வழியில்லாமல் மாடிக்கே திரும்புகிறேன்.

ஞானகுமாரி மருமகளை நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருக்கும் முகம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜெபிஷா இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"நான் மட்டும் போடலேன்னா இதுங்க செத்திருக்கும் இல்ல, பாப்பா?"

சரியான பதில் ஜெபிஷாவுக்குத் தெரியும். இல்லை அத்தை, செத்திருக்காது, தானாகவே பிழைத்திருக்கும். இதைச் சொல்லாவிட்டால் அடுத்த தொட்டியிலும் ஒரு பிடி விழும், படிப்பு போகும். சொன்னாலோ, தனக்கு யாரும் தராததைப் பிற உயிருக்குத் தந்துவிட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறவளிடம், அது தேவையே இல்லை என்று சொல்வதாகும். அவளுக்கும் அன்று தேவைப்படவில்லை, பிழைத்துத்தானே கிடந்தாள் என்று சொல்வதாகவும் ஆகும்.

ஒரு விஷயத்தை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ரயிலில் நான் பிடித்துக்கொண்டிருந்த பெட்டியில் இருந்தவை புது நண்டுகள். (பழையவை என்ன ஆயின என்கிறீர்களா? அந்த மசாலாப் பத்தியை நான் அவசரப்பட்டு அடித்துவிட்டேன்.) ஆக, பரிசோதனை மறுபடி தொடங்குகிறது. அவள் ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று போனில் கேட்டேன்.

"நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு நேரம் தொடக்கங்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். ஞானகுமாரி இன்னும் நிமிர்ந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உள்ளங்கையில் உப்பு ஒட்டியிருக்கிறது. இப்போது உங்களைத்தான் கேட்கிறாள்.