மாப்பிள்ளை குடித்த பால்

லலிதாம்பாளுக்குப் பெயர் வைத்த அன்று என் இடது மார்பில் ஒரு கருங்கல் வந்து குடியேறியது. கல் என்றால் கூழாங்கல் இல்லை. செயின்ட் பால் குன்றின் மேல் சாத்தி வைத்திருக்கிறார்களே, ஆள் உயரக் கல்லறைக் கற்கள், அதில் ஒன்றை யாரோ பெயர்த்துக்கொண்டு வந்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் பாதி மலாக்கா உட்கார்ந்திருந்தது. மீதிப் பாதி சந்தில் நின்று இடம் கேட்டது. குழந்தை மடி மாறி மடி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். அழுதால் யாராவது சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவினார்கள். நான் ரவிக்கை நனைய நனையச் சமையற்கட்டில் நின்று பாயசம் ஊற்றினேன். "இதோ கொண்டாந்து தர்றோம் புள்ளைய" என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் தரவில்லை.

சாயங்காலம் என் மாமியார் அன்னபூரணி குழந்தையை வாங்கி, தன் மகள் பாக்கியலட்சுமியின் பையனுக்குப் பக்கத்தில் பாயில் கிடத்தினார். நடுவில் வெற்றிலை பாக்கு வைத்தார்.

"என் பேரனுக்கு என் பேத்தி. இனிமே யாரும் கண்ணு வைக்க வேணாம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் மாணிக்கவாசகம். வயது ஒன்பது மாதம், பல் இரண்டு, எடை ஒரு மூட்டை சயாம் அரிசி. அவன் நிச்சயதார்த்த வெற்றிலையை எடுத்து மென்றுகொண்டிருந்தான். நானும் சிரித்தேன். அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அடுப்பை இடம் மாற்றும்போதும் என்னைக் கேட்கவில்லை, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் பட்டது எனக்கு. குழந்தை கைக்கு வந்தபோது இடது பக்கம் இறுகிவிட்டிருந்தது. அவள் வாய் வைத்தாள், இழுத்தாள், ஒன்றும் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. என் நெற்றியில் அப்பளம் பொரித்திருக்கலாம், எண்ணெய்கூட வேண்டாம். வெந்நீர்த் துணி வைத்தோம். வெற்றிலையை வாட்டி ஒட்டினோம். கல் அசையவில்லை. அதன் மேல் தோல் சிவந்து, காற்றுப் பட்டாலே உயிர் போனது. நான் போட்ட கூச்சலில் பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று பயந்து சிங்கப்பூருக்கே திரும்பிவிட்டது என்று பிற்பாடு என் கணவர் ஜெயபாலன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மறுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, பண்டார் ஹிலிர் பாடாங் மைதானத்தில் சுதந்திரத் தேதியைச் சொல்லப் போகிறார்கள் என்று ஆண்கள் எல்லோரும் விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். கிளம்பும்போது மாமியார் தன் மகனைக் கூப்பிட்டு, "வர்றப்ப ஜாலான் துக்காங் எமாஸ் புள்ளையார் கோயில் பக்கத்துல மல்லிகைப்பூ வாங்கிட்டு வா. நெறைய வாங்கு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். குழந்தை இறந்து பிறந்தவர்களுக்கு அப்படிக் கட்டிப் பார்த்திருக்கிறேன்.

"அத்தை, அதை மட்டும் வேணாம்" என்றேன்.

"வேணாம்னா? சீழ் வச்சா கத்தியால கீறுவாங்க. ஒத்தப் பக்கம் வத்தினா மத்தப் பக்கமும் கொறையும். கொறையட்டும். டின் பால் இருக்கு. பக்கத்து வீட்டுச் சீனப் புள்ளையப் பாரு, டின் பால்ல பலூன் மாதிரி இருக்கு."

"எனக்குக் கொடுக்கணும் அத்தை."

"எனக்கும் பூக் கட்டினாங்க. இந்த பாக்கியம் கஞ்சித் தண்ணி குடிச்சு வளர்ந்தவதான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த பாக்கியம் நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தாள். இது அவளுக்கே புதுச் செய்தி போலிருந்தது.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். டின் பால் குடித்த பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் என் புடவை மாமியார் எடுத்தது, என் தலையணை நாத்தனார் வைத்துவிட்டுப் போனது, என் கணவர்கூட அம்மா பிள்ளை. பால் ஒன்றுதான் நான் கொண்டுவந்தது. அதுவும் யாரும் கேட்காமல், நானே நினைக்காமல் வந்தது. ராத்திரி பகல் எதுவானாலும் லலிதாம்பாள் வாய் வைத்தவுடன் உள்ளே ஏதோ சுருக்கென்று இறங்கும். அந்த நொடியில் அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் இருந்தது. அதை ஒரு முழம் பூவுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆண்கள் போன கொஞ்ச நேரத்தில் பின் வீட்டு பீபி கனகம்மா வந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகளின் கம்போங்கைச் சேர்ந்தவர். பேச்செல்லாம் அவர்கள் மலாய்தான், நடுவில் அரிசியில் கல் மாதிரி ஒரு தமிழ் வார்த்தை வரும். சாமி கும்பிடுவதில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

என் ரவிக்கையை அவிழ்த்துப் பார்த்து, "சுசு பெங்காக் லா இனி" என்று உச்சுக்கொட்டினார். பால் கட்டிக்கொண்டதற்கு அவர்கள் சொல்வது. மரச்சீப்பு ஒன்றை வெந்நீரில் போட்டு எடுத்தார். எண்ணெய் தடவி, கல்லுக்கு மேலிருந்து காம்பு வரை மெதுவாக வாரினார். தலை வாருவது போலத்தான். தட்டிய அண்டா மாதிரி நான் அதிர்ந்தேன். இரண்டு சொட்டுப் பால் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

லலிதாம்பாளை வாங்கி வாய் வைக்கச் சொன்னார். அவள் நான்கு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப்போனாள். பீபி சிரித்தார். "இனி குச்சிங் லா. சாரி அனாக் யாங் குவாட் ஈசாப்."

இது பூனைக்குட்டி, பலமாக உறிஞ்சுகிற பிள்ளை வேண்டும் என்கிறார். பெரிய பிள்ளை வாய் வைத்து இழுத்தால் அடைப்பு பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாம்.

நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கூடத்து மூலையைப் பார்த்தோம். அங்கே மாணிக்கவாசகம் நாற்காலிக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அந்த நாற்காலி ஏற்கனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நகராட்சித் தண்ணீர்ப் பம்ப் கெட்டுப்போனால் இவனை உட்கார வைக்கலாம், மேல்மாடி வரை தண்ணீர் ஏறும்.

"அவன் வேணாம்" என்றார் மாமியார்.

"ஏம்மா?" என்றாள் பாக்கியம்.

"ஒரே மார்ல குடிச்சா அண்ணன் தங்கச்சி. அப்புறம் எப்படிக் கட்டி வைக்கிறது? பக்கத்து மலாய்க் கம்போங்ல ஹலீமா மக கல்யாணம் எப்படி நின்னுச்சு, மறந்துட்டியா? நெய்ச்சோறு அண்டா அடுப்புல ஏறியாச்சு. மாப்பிள்ளைக்குச் சின்னதுல பொண்ணோட அம்மா பால் கொடுத்தான்னு ஒரு கெழவி வந்து சொன்னா. அவ்வளவுதான், அண்டாவ எறக்கிட்டாங்க."

"அது அவங்க சட்டம். நமக்கு எங்க இருக்கு?"

"இந்த ஊர்த் தண்ணி குடிக்கிறோம், இந்த ஊர்க் காத்த வாங்குறோம். பாவம் மட்டும் ஆளுக்கு ஒண்ணா? வேற புள்ளையத் தேடு."

தேடினோம். பீபியின் பேரனுக்கு வாயில் புண். சீனர் வீட்டு அம்மா பலூனை மார்க்கெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். மற்றவர்கள் எல்லாம் பாடாங்குக்குப் போய்விட்டார்கள். மலாக்காவில் கைக்குழந்தைகள்கூட அன்று அரசியலில் இறங்கிவிட்டன. இன்னும் கொஞ்ச நேரத்தில் பூவோடு வருவார்கள்.

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். "பாக்கியம், அன்னைக்கு வெத்தில வச்சாங்களே, உன்ன முன்னாடி கேட்டாங்களா?"

"என்னைய எதுக்குக் கேக்கப் போறாங்க அண்ணி. பாய விரின்னாங்க, விரிச்சேன்."

"என்னையும் கேக்கல."

பாக்கியம் மூலையில் இருந்த மகனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அவனைத் தூக்கிக் கொடு."

"சிவகாமி" என்றார் மாமியார்.

"கல்யாணம் இருபது வருஷம் கழிச்சு அத்தை. பால் இன்னைக்கு."

பாக்கியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ரெண்டு பல்லு இருக்குது அண்ணி, பாத்து" என்று என் மடியில் போட்டாள். மாமியார் எழுந்து சமையற்கட்டுக்குப் போய், எதையும் சமைக்காமல் பாத்திரங்களை உருட்டினார்.

மாணிக்கவாசகம் முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு கவ்வினான். கண் முன்னால் ஏழு கடலும் மின்னின. பீபி அவன் தாடையைக் கல் இருக்கும் பக்கம் திருப்பிப் பிடித்தார், இன்னொரு கையால் சீப்பை வாரினார். அவன் இழுத்த இழுப்பில் என் முதுகுத் தண்டு, தாய் வீட்டு நினைவு, பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாடு எல்லாமே அந்த வழியாகப் போய்விடும் போலிருந்தது. ஏதோ நூல் அறுவது போல உள்ளே ஒன்று விட்டது. அவன் திணறி வாயை எடுத்தான். பால் பீய்ச்சி அவன் புருவத்தில் அடித்தது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பிப்ரவரி முழுவதும் நனைந்தது. அவன் கோபமாகத் துடைத்துக்கொண்டு மறுபடி கவ்வினான்.

நான் அழுதேன். வலியால் அல்ல. வலி போன இடம் அவ்வளவு வெற்றாக இருந்தது.

அவன் முடித்ததும் லலிதாம்பாளை வைத்தேன். பூனைக்குட்டி தூக்கத்திலேயே குடித்தது.

மத்தியானம் ஆண்கள் தொண்டை கட்டிப்போய் வந்தார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் சுதந்திரம் என்று ஜெயபாலன் சொன்னார். கையில் மல்லிகைப் பொட்டலம். மாமியார் அதை வாங்கி, என்னையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, சாமி படங்களுக்குப் போட்டார். அவ்வளவு பூவில் முருகன் மூச்சுத் திணறினார்.

மறுநாள் பீபி வந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டார். ஹலீமா வீட்டுச் சட்டம் சரியாக என்ன, ஒரு வாய் குடித்தாலே கல்யாண முறை போய்விடுமா என்று மலாயில் விசாரித்தார்.

"தா லா. லீமா காலி. சம்பே கென்யாங்" என்றார் பீபி.

இல்லையாம், ஐந்து முறை குடிக்க வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் வயிறு நிறைய. மாமியார் முகத்தில் விளக்கு எரிந்தது. "ஒரு தடவைதானே குடிச்சிருக்கான். அப்ப நிச்சயம் நிச்சயம்தான்" என்று கூடத்தில் வந்து அறிவித்தார்.

அன்று சாயங்காலம் கல் இருந்த இடத்தில் மறுபடியும் ஒரு சுண்டைக்காய் தட்டுப்பட்டது. இது சத்தியம். மாணிக்கவாசகம் வந்தான், குடித்தான். அதற்கு அடுத்த நாள் தட்டுப்பட்டதா இல்லையா என்று கேட்டால், நான் நன்றாகத் தேடினேன் என்று மட்டும் சொல்வேன். பாக்கியம் "கட்டிடுச்சா அண்ணி?" என்பாள், நான் பதில் சொல்வதற்குள் பையன் என் மடியில் இருப்பான். புக்கிட் பாருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போக வேண்டியவள், மழை வருகிறது, பஸ் வரவில்லை என்று தங்கிக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் மலாக்காவில் ஒரு சொட்டு மழை இல்லை.

மாமியார் எண்ணிக்கொண்டிருந்தார். வாயால் சொல்லவில்லை, ஆனால் பாக்கியம் பையனைத் தூக்கும்போதெல்லாம் அவர் கை வேலையை நிறுத்தும். நான்கு முறை முடிந்திருந்தது. மறுநாள் காலை பாக்கியம் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றபோது, மாமியார் அவளுக்கு முன்னால் வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"கட்டி இருக்கா?"

"இருக்கு அத்தை."

"எங்க, காட்டு."

காட்டினேன். அவர் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டார். முதலில் விரல் நுனியால், பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்து. ஒரு வருஷத்தில் அவர் என்னை அப்படித் தொட்டதில்லை. மார்பு இளநீர் வழுக்கை மாதிரி இருந்தது, குருடருக்குக்கூடத் தெரிந்திருக்கும். தொட்ட மாத்திரத்தில் பால் கசிந்து அவர் விரலிடுக்கில் வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. பால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாசற்படியில் நின்ற தன் மகளை, கஞ்சித் தண்ணீரில் வளர்ந்த அந்தப் பெண்ணை, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா, இருக்கு" என்றார். "பையனைக் கொண்டா பாக்கியம்."

அவன் குடித்தான். பாதியில் வாயை எடுத்து, சந்தில் போன ஐஸ்காரன் மணியைக் கேட்டுத் திரும்பினான். பாக்கியம் அவனைத் தூக்கக் கை நீட்டினாள். மாமியார் அந்தக் கையைத் தட்டிவிட்டு, அவன் தலையை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

"இருடி. இன்னும் அவனுக்கு வயிறு நெறையல" என்றார்.