நீலப் பலகைக்கு ஒரு எடைச்சீட்டு

தேர்வாய் கண்டிகை ரோட்டில் லாரிகளை ஏற்றி எடை போடும் மேடை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக நான் ஆபரேட்டர். பெயர் குப்புராஜ். ஜன்னலுக்கு உள்ளே கம்ப்யூட்டர், வெளியே டிரைவர்கள். எடை கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று எவன் வந்து கத்தினாலும் அவனைவிட ஒரு சத்தம் கூடுதலாகக் கத்தித்தான் அனுப்புவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பழகினவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

எங்கள் மேடை அறுபது டன் தாங்கும். ஆனால் இருபது இருபது கிலோவாகத்தான் தாவும். நாற்பது காட்டும், அறுபது காட்டும், எண்பது காட்டும்; நடுவில் ஒன்றும் கிடையாது. ஐம்பத்திரண்டாக இருந்தாலும் அறுபதுதான், அறுபத்தெட்டாக இருந்தாலும் அறுபதுதான். கம்பி ஏற்றிவரும் லாரிக்கு இருபது கிலோவெல்லாம் ஒரு எடையா? இது புரியாமல் என்னிடம் மல்லுக்கு நிற்கும் டிரைவர்களின் கதையை வீட்டில் சாப்பிடும்போது சுமலதாவிடம் சொல்லித் தீர்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே குழம்பு ஊற்றுவாள்.

சுமலதா என் மனைவி. இங்கேயே சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கோக்கும் கம்பெனி ஒன்றில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. கம்பெனி கொடுக்கும் சேஃப்டி ஷூவில் சின்ன சைஸே ஆறுதான். அவள் கால் நான்கு. ஆறு வருடமாக ஷூவின் முன்பக்கம் பழைய துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு போகிறாள். கம்பெனி ஸ்டோரில் கேட்டு உன் சைஸை வரவழைத்துக்கொள்ளேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "பரவால்ல, நல்லாத்தான் கீது" என்பாள். எது பொருந்தாவிட்டாலும் அவளுக்கு அந்த ஒரே பதில்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் கம்பெனியில் குடும்பத்தோடு ஒருநாள் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அங்கே லோகு என்று ஒருவன், இருபத்தாறு வயதிருக்கும், கொட்டகை போட்டு அலைச்சறுக்கு சொல்லிக் கொடுக்கிறான். ஆசைப்பட்டவர்கள் ஏறிப் பார்க்கலாம் என்றார்கள். நான் ஏறின வேகத்தில் விழுந்து, மூக்கு நிறைய உப்புத் தண்ணீரோடு எழுந்தேன். சுடிதாரோடு இறங்கின சுமலதா மூன்றாவது அலையிலேயே பலகைமேல் நின்றுவிட்டாள். நின்றதோடு இல்லை, கரை வரைக்கும் வந்தும் சேர்ந்தாள். அவள் பிறந்தது அத்திப்பட்டு. அனல்மின் நிலையப் புகைக்கூண்டுக்குப் பின்னால் உப்பங்கழியில் குதித்து வளர்ந்தவள். நான் பொதட்டூர்பேட்டைக்காரன். எனக்குத் தெரிந்த ஆழமெல்லாம் பம்புசெட்டுத் தொட்டி.

அன்றிலிருந்து லீவு கிடைக்கும் ஞாயிறெல்லாம் பைக்கில் பொன்னேரி வழியாக அங்கேதான் போகிறோம். அவள் தண்ணீரில், நான் கரையில். செருப்பு, டிபன் பாக்ஸ், அவளுடைய கைப்பை, மூன்றுக்கும் நான் காவல். நடுநடுவே நானும் இறங்கி விழுவேன். அந்தக் குப்பத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. சுமலதா அக்கா வீட்டுக்காரர் என்றால் நாய்க்குக்கூடத் தெரியும். கேட்டால் சிரித்துக்கொள்வேன். உள்ளே பொறாமைதான், வேறென்ன.

பலகை விஷயத்தில் லோகு ரொம்பக் கறார். முதல் நாளே எங்களை மணலில் உட்கார வைத்துச் சொன்னான். பலகையின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அகலம், தடிமன் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனத்தை அது மிதக்க வைக்கும் என்பதுதான் கணக்கு. கற்றுக்கொள்பவருக்கு அவர் எடையைத் தாராளமாகத் தாங்குகிற பெரிய பலகை வேண்டும். சின்னதில் ஏறினால் அது முன்னால் நகராது, அலை வந்ததும் தன் மூக்கைத் தண்ணீரில் குத்தும். ஓரளவு பழகினவருக்குச் சின்னது போதும். பெரியது நன்றாக மிதக்கும், ஆனால் திருப்பினால் திரும்பாது. அதனால் எடை எவ்வளவு, எந்த அளவுக்கு ஓட்டத் தெரியும் என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், வெட்கப்பட்டால் கடல் காட்டிக் கொடுத்துவிடும் என்று முடித்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தான்.

சுமலதா எப்போதும் எடுப்பது ஆறேகால் அடி நீலப் பலகை ஒன்று. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போன வாரம் லோகு ஒரு சேதி சொன்னான். புதுப் பலகைகள் வரப்போகின்றன, பழையதில் மூன்றை விற்கிறான், நீலமும் அதில் ஒன்று. மற்றவை ஏழரை அடி வெள்ளைப் பலகை, ஒன்பதடி சிவப்புப் பலகை. வருகிற ஞாயிறு மதியம் கோவளத்திலிருந்து டெம்போ வந்து எடுத்துப்போகும். அதற்குள் எங்களுக்கு ஒன்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், எடையைச் சரியாகப் பார்த்துக்கொண்டு வரவேண்டும் என்றான்.

ஒன்றுக்கு மேல் வாங்க எங்களுக்கு வசதியில்லை. திரும்பும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்து சுமலதா அந்த நீலத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு மூலையில் விரிசல் அடைத்த தழும்பு இருக்கிறதாம், அதைத் தொட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவாளாம். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவள் இது எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நியாயமாக நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். "ரெண்டு பேருக்கும் ஆவற மாதிரி ஒண்ணு எடுக்கலாம்" என்றேன். பின்னாலிருந்து வந்த பேச்சு நின்றுபோனது.

புதன்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து அவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து என் மேடை வாசலிலேயே இறங்கினாள். லாரி எதுவும் இல்லாத நேரம். மேடை நடுவில் அவளை நிற்க வைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தேன். அறுபது. அடுத்து நான் போய் நின்றேன், அவள் ஜன்னல் வழியாக எட்டிப் படித்தாள். எண்பது.

"நான் அறுபது கிலோவா?" என்றாள்.

"மிஷின் பொய் சொல்லுமா? இந்த வருசம்தான் கவருமெண்ட்டு ஆளுங்க வந்து சீல் வச்சிக்கினு போயிக்கிறாங்க."

ஒரு நொடி என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஷூவிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, சரி என்றாள். நான் ஆளுக்கொரு சீட்டு அடித்தேன். வண்டி எண் போடும் இடத்தில் எங்கள் பெயர். சரக்கு என்ற இடம் காலி. அறுபதையும் எண்பதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் எழுபது. எழுபது கிலோவுக்கு ஒரு பலகை எடுத்தால் அவளுக்குப் பத்து கிலோ கூட, எனக்குப் பத்து கிலோ குறைவு, இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று விளக்கினேன். எனக்கே என் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை லோகு அந்தச் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி சீட்டைப் பார்த்தான். கம்ப்யூட்டரில் அடித்த சீட்டு, அடியில் முத்திரை வேறு. தலையைச் சொறிந்துகொண்டு, எழுபது என்றால் வெள்ளைதான் என்று எடுத்துக் கொடுத்தான். டெம்போ வரும் வரைக்கும் நேரம் இருக்கிறது, தண்ணீரில் போட்டுப் பாருங்கள், சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னான். நீலத்தைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். சுமலதா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் நான் இறங்கினேன். வெள்ளைமேல் படுத்ததும் அது எனக்குக் கீழே அமிழ்ந்து, தண்ணீர் என் மோவாய்க்கு வந்தது. கையால் தள்ளித் தள்ளித் தோள் விட்டுப்போனதுதான் மிச்சம், பலகை நகர்ந்த பாடில்லை. அலை வந்ததும் லோகு சொன்னபடியே மூக்கைக் குத்தி என்னைக் கவிழ்த்தது. மூன்று தடவை ஏறினேன், மூன்று தடவை குடித்தேன்.

அடுத்து அவள். வெள்ளையின் அகலத்துக்கு அவள் கை எட்டவில்லை. கக்கத்தில் இடுக்கப் பார்த்து, முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு போனாள். காற்று அதைப் பிடித்துச் சுழற்றியதில் இரண்டு முறை தடுமாறினாள். அலைமேல் நிற்கத்தான் செய்தாள். கதவைக் கழற்றிப் போட்டாலும் அதன்மேல் நிற்கக் கூடியவள் அவள். ஆனால் வழக்கமாக அவள் தோளை லேசாகத் திருப்பினால் பலகையும் திரும்பி, அலையோடு சேர்ந்து பக்கவாட்டில் ஓடும். இந்தப் பலகை காதே கேட்காதது போல நேராகக் கரைக்கு வந்து நின்றது. அவள் திரும்பிப் போனாள், மறுபடி ஏறினாள், மறுபடி நேராக வந்து சேர்ந்தாள். ஐந்தாவது அலையில் தோளைத் திருப்புவதையே விட்டுவிட்டாள்.

தலைமுடியைப் பிழிந்துகொண்டே வந்தவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீது" என்றாள்.

 ஷூவுக்குள் அவள் சுருட்டி வைக்கிற அந்தத் துணி கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த ஷூவை அவளுக்கு எவனோ கொடுத்தான். இந்தப் பலகையை நான் கொடுத்திருக்கிறேன். வழக்கம்போல எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கத்துவதற்கு எதிரில் டிரைவர் யாரும் இல்லை. அந்நேரம் பார்த்து, டெம்போ பொன்னேரியைத் தாண்டிவிட்டதாம் என்று லோகு போனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

நான் சுமலதாவின் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த மீன் ஏலக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கூடை எடை போடுகிற தராசு ஒன்று இருக்கிறது, நூறு கிராம் கூடக் குறைய விடாது. அதைப் பார்த்துக்கொள்பவள் அஞ்சம்மாள். என்னை எடை போட வேண்டும் என்றேன். "இது மீனுக்குப்பா. உன்ன ஏலம் வுட்டா எடுக்க ஆள் வராதே" என்றாள். கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி நின்றேன்.

அஞ்சம்மாளுக்கு எடையை மெதுவாகச் சொல்லத் தெரியாது. "எம்பத்தொம்போது நானூறு" என்று அவள் சொன்னது வலை காயப்போட்டிருந்த இடம் வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்து சுமலதா ஏறினாள். "அம்பத்தொண்ணு அறநூறு."

லோகு வந்து வாசலில் நின்றிருந்தான். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவனிடம் சொன்னேன்.

"அந்தச் சீட்டக் கிழிச்சிடு. என் எடை எம்பத்தொம்போது. எட்டு மாசத்துல ஒரு தபா கூட நான் ஒழுங்கா நின்னதில்ல. இவ எடை அம்பத்தொண்ணு, இவளுக்கு நல்லா ஓட்டத் தெரியும். இவளுக்கு இன்னா பலகையோ அதக் குடு. என்னக் கணக்குல சேக்காத."

 லோகு போய்ச் சுவரிலிருந்து நீலத்தை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தான். உங்களுக்கு ஒன்பதடிச் சிவப்பே கொஞ்சம் பத்தாது, அதைவிடப் பெரிய பலகை புதிதாக வருவதில் இருக்கிறது, வாரம் ஒரு மணி நேரம் வாடகைக்குத் தருகிறேன் அண்ணா என்று எனக்கும் ஒரு வார்த்தை சொன்னான். அரை மணியில் டெம்போ வந்து வெள்ளையையும் சிவப்பையும் ஏற்றிக்கொண்டு போனது.

சுமலதா அதற்குள் தண்ணீரில் இருந்தாள். இறங்குவதற்கு முன் மூலையிலிருந்த அந்தத் தழும்பைத் தொட்டதைப் பார்த்தேன். அலைமேல் எழுந்தாள், தோளைத் திருப்பினாள், பலகை திரும்பியது. கட்டுமரங்கள் கட்டிக் கிடக்கிற இடம் வரைக்கும் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தாள். நான் செருப்புக்கும் டிபன் பாக்ஸுக்கும் பக்கத்தில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. பொறாமையும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பலகையை லோகுவின் கொட்டகையிலேயே வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் பொன்னேரியில் டீ குடிக்க நிறுத்தினோம். அவள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த மேடை இருவது இருவதாத்தான் தாவும்னு அன்னிக்கி உனக்கு நெனப்பே இல்லியா?"

மறந்துபோய்விட்டது என்று சொல்ல இடமிருந்தது. "இருந்திச்சி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "எனக்கும்தான். தெனம் சோத்துல கை வெக்கறதுக்குள்ள நாலு டிரைவர் கதை சொல்றியே, எனக்குத் தெரியாம பூடுமா?"

அப்படியானால் மேடையில் நிற்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீயா சொல்லுவன்னு பாத்தேன்" என்றாள். "டெம்போ வர்ற வரிக்கும் பாத்துக்கினு இருந்தேன்."

 அவள் தன் கிளாஸை வைத்துவிட்டு, கிளம்பலாமா என்று கேட்டுப் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டாள்.  கவரைப்பேட்டை தாண்டியதும் பின்னாலிருந்து அவள் பேசத் தொடங்கினாள். நாளைக்கு ஸ்டோருக்குப் போய் நாலாம் நம்பர் ஷூ கேட்கப்போகிறாளாம்.