குன்றாண்டார்கோவில் புறாச் சங்கத்தின் இரண்டாம் கையெழுத்து

1

இது கதையாகத் தொடங்கவில்லை. பறவை வளர்ப்போர் சங்கங்கள் ஏன் ஒரு பேரவையில் இணைய வேண்டும் என்று ஆண்டு மலர் ஒன்றுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். முதல் காரணம்: தனியாள் கொடுக்கும் மனு மேசையிலேயே தங்கிவிடும், பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து கொடுத்தால் பதில் எழுதியாக வேண்டும். இரண்டாம் காரணம்: ஓர் உத்தரவு வருமுன்பே அதைப் பற்றிப் பேச ஓரிடம் கிடைக்கும். மூன்றாவதை யோசிக்கையில், இவற்றையெல்லாம் ஒருமுறை மறுத்துவிட்டுத் தனியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் மனத்தில் வந்தார். அவரை விலக்கிவிட்டு மேலே எழுத இயலவில்லை. சேவுகன் என்று பெயரிட்டேன்.

2

1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குன்றாண்டார்கோவிலின் வானம் வெறிச்சோடி—

(இல்லை. வானத்தில் தொடங்கினால் மனிதர்களின் பொறுப்பு குறைந்துவிடுகிறது.)

சேவுகன் மாதந்தோறும் முதல் ஞாயிறன்று சங்கக் கூட்டம் நடத்தினார். கூண்டுகளின் முன் பாயை விரித்து, குறிப்பேட்டில் எழுதுவார்: ‘வந்தவர்: ஒருவர். தலைவர் வரவேற்றார். தலைவர் பேசினார். மறுப்பு எழவில்லை.’

சங்கத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன், ஐவர் தங்கள் புறாக்களை அவரிடம் விட்டுவிட்டுப் பினாங்குக்குப் பிழைக்கப் போனார்கள். மலாயாவுக்குள் ஜப்பானியர் நுழைந்தபின் ஒருவரிடமிருந்தும் கடிதம் இல்லை. அவர்களின் புறாக்களுக்கு அவர் இன்னும் அவரவர் கூண்டில்தான் தீனி வைக்கிறார்.

3

பேரவையின் செயலாளர் அபுபக்கர் புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்தார். புறாக்கள் எதிரிக்குச் செய்தி கொண்டுபோகக்கூடும் என்ற போர்க்கால அச்சத்தில் ஓர் உத்தரவு பிறந்திருந்தது: சனிக்கிழமைக்குள் எல்லாப் புறாக்களையும் ஒப்படைக்க வேண்டும். பேரவை மன்றாடி, தன்னோடு இணைந்த சங்கங்களுக்கு மட்டும் விலக்கு வாங்கியிருந்தது.

“செய்தியா? இதுக குளத்தைத் தாண்டிப் போனா வீட்டுக்கு வழி தெரியாம முழிக்கும், பாய்.”

“அதை நீங்க ஒத்தையா சொன்னா யாருண்ணே கேப்பா? அன்னைக்கே சேரச் சொன்னேன். ‘எங்க புறாவுக்கு எவனோ எதுக்குப் பேசணும்’னு கடுதாசியக் கிழிச்சீங்க.”

“மத்த அஞ்சு பேரும் சேரலாம்னுதான் சொன்னாக. நாந்தான் வேணாம்னேன்.”

“சரி, விடுங்க. இப்பச் சேர ரெண்டு கையெழுத்து வேணும். ஒத்த ஆளைச் சங்கம்னு நான் எப்படிக் காட்டுவேன்?”

“புறாவையும் சேத்தா பதினேழு பேரு இருக்கோம்.”

அபுபக்கர் சிரித்தார். பிறகு விண்ணப்பத்தைக் கூண்டின் மேல் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

4

(இங்கே ஒரு விமர்சகர் குறுக்கிடலாம்: ஊரில் வேறு யாரையாவது சேர்க்கக் கூடாதா? ஓராண்டாவது புறா வளர்த்தவரையே சேர்க்கலாம் என்பது சங்க விதி. விதியைத் திருத்தலாமே? திருத்தவும் இருவர் வேண்டும். இந்த விதிகளை எழுதியவர் சேவுகன். கதாசிரியனாக நான் அவருக்கு ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தேன். அது நல்ல வாசல்தானா என்று எனக்கே ஐயம்.)

5

பினாங்குக்குப் போன மூக்கனின் மனைவி அழகி மட்டும் ஊரிலேயே இருந்தார். கணவரைத் தேடித் தருமாறு சென்ற மாதம்தான் புதுக்கோட்டை அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார். புறா விண்ணப்பம் பேரவை வழியாகப் போகப்போவதும் அதே அலுவலகத்துக்கே.

சேவுகன் அவர் வீட்டு வாசலில் நின்றபோது அழகி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, அதிசயமா இங்கிட்டு? புறா எதுவும் ஓடி வந்திருச்சா?”

சேவுகன் உத்தரவையும் இரண்டாம் கையெழுத்தையும் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை அழகி முறத்தை அசைக்கவில்லை.

“அவுக இங்கதான் இருக்காகன்னு நீங்க பேரை எழுதுனா, என் மனு என்னாகும்? ஊர்ல இருக்குற ஆளை எதுக்குத் தேடணும்பாக.”

“அப்படி எழுதமாட்டேன் தாயி.”

“நானே கையெழுத்துப் போட்டா?”

சேவுகன் குறிப்பேட்டைப் பிரித்து வாசித்தார்: “உறுப்பினர் ஒருவர் காலமானால், அவர் மனைவி அவ்விடத்தில் உறுப்பினராக...” பாதியிலேயே குறிப்பேட்டை மூடினார்.

6

மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அழகி மறுக்கிறார். சனிக்கிழமை புறாக்களை ஏற்றிப்போக வண்டி வருகிறது. அடுத்த ஞாயிறு, காலிக் கூண்டுகளின் முன் தலைவர் வரவேற்கி—

அழகி கையெழுத்திடுகிறார். புறாக்கள் பிழைக்கின்றன. குறிப்பேட்டில், ‘வந்தவர்: இருவர். மூக்கனின் மறைவுக்கு இரங்க—’

வெள்ளிக்கிழமை பினாங்கிலிருந்து கடிதம் வருகிறது. (இதை முழுவதும் அடித்துவிட்டேன். என் வசதிக்காக வரும் கடிதம் அது.)

எஞ்சியது இவ்வளவே. அழகி கையைத் துடைத்துக்கொண்டு தாளுக்காக நீட்டினார்.

“குடுங்கண்ணே. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதுக்கு முன்ன, அவுக செத்துட்டாகன்னு ஒங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. போடுறேன்.”

அடுத்த வரி சேவுகனுடையது. அவருக்காக நான் அதைச் சொல்லப்போவதில்லை. வாசகரே, நீங்கள் சொல்வதானால், அழகியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.