செபஸ்தியாருக்கு நேர்ந்த கோழிகள்

கோழி வளர்ப்பதால் லாபம் உண்டா என்று கேட்கிறவர்கள் முட்டையையும் கறியையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் கோழிகள் இருந்த மூன்று வருஷத்தில் நான் இரண்டையும் அதிகம் பார்த்ததில்லை. முட்டைகளை அவை பக்கத்து வீட்டு ரஃபியாவின் மாடிப்படிக்கு அடியில் இட்டன. கறி புனித செபஸ்தியாருக்குப் போனது.

என் பெயர் பாஸ்கல். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லில் நான் எட்டிப் பார்க்காத கொல்லைப்புறம் குறைவு. கோழி வளர்க்கிற வீட்டை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். வாடை முதலில் வரும், மீட்டர் பெட்டி மேல் எச்சம் காய்ந்திருக்கும், வீட்டுக்காரர் முகம் களைத்திருக்கும். வத்தலக்குண்டு ரோட்டில் நாங்கள் வீடு கட்டியபோது பின்னால் கொஞ்சம் இடம் மிஞ்சியது. முருங்கை வைக்கலாம் என்று நான் சொன்னேன். என் மனைவி ஜோஸ்பின் சரி என்று சொல்லிவிட்டு, நான்கு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்தாள்.

கோழிக்குச் சீக்கு வரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சனிக்கிழமைதோறும் கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள். கூடையில் கோழிகளை அடைத்து, டிவிஎஸ்ஸில் முன்னால் வைத்துக்கொண்டு, வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போய்வருவேன். அப்படியும் ஏதாவது ஒன்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். ஜோஸ்பின் அதன் தலையில் கை வைத்து, "செபஸ்தியாரே, இது பொழச்சா உமக்கு" என்பாள். அது பிழைத்துவிடும். பிழைத்ததும் தைத்து மிஞ்சிய ரவிக்கைத் துணியில் ஒரு கீற்றைக் கிழித்து அதன் காலில் கட்டிவிடுவாள். அதோடு அந்தக் கோழி எங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். அதை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, விரட்டும்போது கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது. திருவிழா வரும்வரை தீனி மட்டும் நாங்கள் போட வேண்டும். திருவிழா அன்று கோயிலில் ஒப்படைத்தால், வந்த ஆடு கோழிகளை எல்லாம் ஒன்றாகச் சமைத்து ஊருக்கே சோறு போடுவார்கள். நானும் வரிசையில் நின்று சாப்பிட்டிருக்கிறேன். என் இலையில் விழுந்தது என் கோழிதானா என்று யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் கோழிகளுக்காகக் கோழிகளை நேர்ந்தவள், பிறகு மனிதர்களுக்காகவும் தொடங்கினாள். என் சர்க்கரை இறங்குவதற்கு ஒரு வெள்ளைப் பெட்டை. ரஃபியாவின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவருடைய இடுப்புக்கு ஒரு கறுப்புப் பெட்டை.

"அக்கா, எங்க மாமியார் நடக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று ரஃபியாவே சுவருக்கு மேலாக எட்டிச் சொன்னாள். "ஆனா அந்தக் கறுப்பு எங்க மாடிப்படிக்கடியில அடை படுத்துருக்கு. பக்கத்துல போனாக் கொத்துது. மாமியார் இப்ப அதுக்குப் பயந்துதான் நடக்குறாங்க."

சிவப்புச் சேவல் எங்கள் மகள் நான்சியுடையது. நான்சி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். போன ஐப்பசியில் அவள் கழுத்தில் கட்டி ஒன்று தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவு வரக் காத்திருந்த நாட்களில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சுவரில் இருந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. ஜோஸ்பின் ரஃபியாவுக்குப் போன் செய்து, இருப்பதிலேயே நல்ல சேவலின் காலில் ஊதாத் துணி கட்டச் சொன்னாள். ரஃபியா கட்டினாள். முடிவில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று வந்தது. தினமும் காலையில் ஒரு மாத்திரை போட வேண்டும், அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் சேவுகம்பட்டியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பிரிட்டோ சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொடுக்கும் தொழில் செய்கிறான். அப்பா இல்லை. அம்மா இஞ்ஞாசியம்மாள் பூந்தோட்டம் வைத்து அவனை வளர்த்தவர். வந்து பார்த்தார்கள், காபி குடித்தார்கள், மிக்சர் சாப்பிட்டார்கள். சோறு சாப்பிடவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பிறகு பேச்சு மாற மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகனும் மட்டும் கை நனைக்க வருவதாகத் தகவல் வந்தது.

"ஆபரேஷன் விஷயத்த மொதல்லயே சொல்லிருங்கப்பா" என்றாள் நான்சி.

"கை நனைக்கட்டும்மா. அப்புறம் பக்குவமா சொல்லிக்கிரலாம்."

"அப்புறம் சொன்னா அதுக்குப் பேரு பக்குவமில்லப்பா" என்று சொல்லிவிட்டு அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் கையில் இருக்கிற நல்ல சம்பந்தத்தை நாமே ஏன் தட்டிவிட வேண்டும் என்று பயமாக இருந்தது.

அடுத்த கவலை சாப்பாடு. சம்பந்திக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைக்காமல் முடியாது. கொல்லை நிறையக் கோழி மேய்கிறது. குஞ்சுகளைத் தவிர அத்தனை காலிலும் துணி. சனிக்கிழமை காலை நான் சந்தைக்குப் போய் நாட்டுக்கோழி ஒன்று வாங்கி வந்து கொல்லையில் கட்டிப் போட்டேன். வீட்டில் கோழி வளர்க்கிறவன் கடையில் கோழி வாங்குகிறானே என்று கடைக்காரர் சிரித்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அதன் காலில் மஞ்சள் துணி.

"என்ன ஜோஸ்பின் இது?"

"வெயில்ல பையில வந்துச்சுல்ல, சொங்கிப் போயி நின்னுச்சு. நாளைக்கு வாரவங்க நல்லபடியா கை நனைக்கணும்னு நேந்துக்கிட்டேன். இப்பப் பாருங்க, எப்பிடி எந்திரிச்சு நிக்குதுன்னு."

"நாளைக்கு வாரவங்களுக்குக் குழம்பு வைக்கத்தான் அத வாங்கிட்டு வந்தேன்."

"அதுக்கு நான் என்ன செய்ய? வாய்ல வந்துருச்சு."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கல்யாணம் முடியட்டும், ஒரு கோழி இந்த வீட்டில் இருக்கக் கூடாது. வாயில்லா ஜீவனுக்குத் தீனி போடுவதில் எனக்கு வருத்தமில்லை. அதன் முதலாளி வேறு ஒருவர் என்பதுதான் வருத்தம். மறுநாள் காலை பூசை முடிந்து வருவதற்குள் நாட்டுக்கோழி எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. பிராய்லர் வாங்கி வந்தேன். மசாலாவைக் கூட்டினால் தெரியாது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இஞ்ஞாசியம்மாள் வந்ததும் முகம் கழுவக் கொல்லைக்குப் போனார். குழாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆத்தி, இம்புட்டுக் கோழியா! இதுல எத அடிச்சீங்க மதினி?"

"எதையும் அடிக்கல மதினி" என்றாள் ஜோஸ்பின். "கடையில வாங்குனது. பிராய்லரு."

நான் கொல்லை வாசலில் நின்றிருந்தேன். நாட்டுக்கோழி காலைச் சுற்றி வரும்போது சம்பந்திக்குப் பிராய்லர் போட்டால், நீங்கள் எங்களுக்கு இவ்வளவுதான் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். இஞ்ஞாசியம்மாள் குழாயை மூடினார்.

"எங்களுக்கு ஒண்ண அடிக்க மனசு வரலையாக்கும்."

"அய்யோ, அதெல்லாம் செபஸ்தியாருக்கு நேந்து விட்டது மதினி. கால்ல பாருங்க, துணி கட்டிருக்கேன்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

இஞ்ஞாசியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கோழிகளைப் பார்த்தார். தோட்டத்தில் பூ எடுக்க வருகிறவர்களிடம் கணக்குக் கேட்டுப் பழகிய பார்வை. சத்தம் கேட்டு பிரிட்டோவும் காபி டம்ளரோடு வந்து நின்றான்.

"அந்த வெள்ள எதுக்கு?"

"இவுகளுக்குச் சர்க்கரை. எறங்கணும்னு."

"எறங்குச்சா?"

"செத்த நேரம் எறங்கும், அப்புறம் ஏறிரும். இவுக வாய்தான் காரணம், கோழிய குத்தஞ்சொல்லக் கூடாது."

"அந்தக் கறுப்பு?"

"பக்கத்து வீட்டு ரஃபியா மாமியார் இடுப்புக்கு."

"மஞ்சத் துணி கட்டுனது?"

"அது உங்களுக்கு மதினி. நீங்க நல்லபடியா வந்து கை நனைக்கணும்னு."

இஞ்ஞாசியம்மாள் முகம் இளகியது. அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"அந்தச் சேவலு? நல்லா வளத்தியா இருக்கே. அது எதுக்கு?"

நான் ஜோஸ்பினைப் பார்த்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். பரீட்சைக்கு என்று சொல்லியிருக்கலாம், வீடு கட்டியதற்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நேர்ச்சையைப் பற்றிப் பொய் சொன்னால் எந்த நோய்க்கு நேர்ந்தோமோ அந்த நோய் திரும்பி வந்துவிடும் என்பது ஜோஸ்பினின் வேதம். அவள் என்னைப் பார்க்கவில்லை. சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அது நான்சிக்கு."

"நான்சிக்கு என்ன?"

சமையலறையிலிருந்து நான்சி வெளியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"கழுத்துல கட்டி வந்துச்சு, அத்த. ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. டெஸ்ட்டுல பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லன்னுட்டாங்க. தெனமும் மாத்திரை போடுறேன். ஆயுசுக்கும் போடணும்." துப்பட்டாவை விலக்கித் தழும்பைக் காட்டினாள். "இத முன்னாலயே சொல்லிருக்கணும்."

சேவல் தரையைக் கிளறிக்கொண்டிருந்தது. என் மகள் கழுத்தைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றாள். கை நனைக்காமல் அவர்கள் போய்விடுவார்கள், அது ஊருக்குத் தெரியும், பிறகு வருகிறவர்கள் எல்லோரும் கழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

இஞ்ஞாசியம்மாள் நான்சியின் கழுத்தைப் பார்க்கவில்லை. தன் மகனைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல கோழி இல்ல மதினி" என்றார். "கிடா நிக்கிது."

"அம்மா" என்றான் பிரிட்டோ.

"நிக்கிதுடா. இல்லங்கிறியா?"

ஜோஸ்பின் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான்சிதான் கேட்டாள். அவள் கேட்டது அவனிடம்.

"எதுக்கு?"

பிரிட்டோ டம்ளரைக் குழாய் மேடையில் வைத்தான். "குடிச்சுக்கிட்டு இருந்தேன். ரொம்ப. ஒருநா பைக்க வாய்க்கால்ல விட்டுட்டு ராத்திரி பூராம் அங்கயே கெடந்தேன். அதோட விட்டுட்டேன். மூணு திருவிழா குடிக்காமக் கழிஞ்சா கிடா தாரேன்னு அம்மா நேந்துச்சு."

"எத்தன திருவிழா கழிஞ்சிருக்கு?"

"ரெண்டு. இந்த ஆகஸ்ட்டு வந்தா மூணு."

நான்சி அவனையே பார்த்தாள். செய்முறையைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிய பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தாளை வாங்கிப் பார்க்கும் முகம்.

"அப்ப கிடாயக் குடுத்துட்டு வாங்க. அதுக்குப் பெறகு கோயில்ல எல்லாருக்கும் அறிவிச்சுக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாம். அதுவரைக்கும் நானும் மாத்திரைய ஒழுங்காப் போடுறேன்."

சொல்லிவிட்டு, குழம்பு அடிப்பிடித்துவிடும் என்று உள்ளே போய்விட்டாள். பிரிட்டோ அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். இஞ்ஞாசியம்மாள் குழாயைத் திறந்து, முழங்கை வரை நன்றாகத் தேய்த்துக் கை கழுவினார்.

"இலையப் போடுங்க மதினி" என்றார். "பசிக்குது."

பிராய்லரை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கறியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்துப் பெண்கள் மூவரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றக் கொல்லைக்கு வந்தேன். பிரிட்டோ பின்னாலேயே வந்து, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, துணி கட்டாதது ஏதாச்சும் இருக்குமா?"

"எதுக்கு தம்பி?"

"அந்தக் கிடா அம்மா நேந்தது. தீனி போடுறதும் அதுதான். நான் அது பக்கமே போறதில்ல, பாத்தாலே கூச்சமா இருக்கும்." அவன் கோழிகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சில நாளு சாயங்காலமானா இப்பவும் கை நடுங்கும் மாமா. அன்னைக்கு என் கையால எதுக்காச்சும் தீனி போட்டா நல்லாருக்கும்னு தோணுது. நானா ஒண்ணு நேந்துக்கிறேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஜோஸ்பினுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சேவல் இருந்தது. இவ்வளவு நாளும் நான் பார்த்தது எச்சத்தையும் தீனியையும்தான்.

கறுப்புப் பெட்டையின் குஞ்சுகள் தாயை விட்டுத் தனியே மேயத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கு இன்னும் சீக்கு வராததால் காலில் துணி இல்லை. வாட்டசாட்டமான சேவல் குஞ்சு ஒன்றைத் துரத்திப் பிடித்தேன். இரண்டு சுற்று ஓட விட்டது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே கொஞ்சம் கம்பு தூவி, அதை வைத்து மூடிக் கொடுத்தேன். பிரிட்டோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உள்ளே அது நகருகிற சத்தம் கேட்டதும் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான்.

"வளக்கிறது செரமமா மாமா?"

கீரிப்பிள்ளை, கழிச்சல், சனிக்கிழமை ஊசி, ரஃபியாவின் மாடிப்படி என்று மூன்று வருஷத்துப் பதில் என்னிடம் தயாராக இருந்தது.

"ரொம்பச் செரமம், மாப்ள" என்றேன்.