'ஆச்சு' என்று எழுதிய குழாய்கள்

சின்னவளுக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது. கொஞ்ச நாளாக அவள் மெஷினில் உருட்டும் குழாய்கள் விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. எல்லாமே விட்டால்கூடப் பரவாயில்லை, காரணம் சிக்கிவிடும். இதுவோ நாலு ஒழுங்காக வரும், அடுத்தது வாயோரத்தில் பட்டென்று கீறிக்கொள்ளும். சுழலும் வேகத்தைக் குறைத்தாள். உருளை முன்னேறும் வேகத்தையும் குறைத்தாள். ஒரே மூச்சில் மெலிதாக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பார்த்தாள். எண்ணெயை மாற்றினாள். ம்ஹூம், குரங்குப்பிடியாக அதே கதைதான்.

குழாய்கள் எதற்கென்றால், தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டருக்கு. கலப்பு உலோகம், சுமக்க லேசாக இருக்கவேண்டுமென்று சுவரை அவ்வளவு மெல்லிசாக இழுக்கிறார்கள்.

தொழிற்சாலைக் கூடத்தின் மறுகோடியில் உலையைப் பார்த்துக்கொண்டது அவளுடைய சொந்த அக்கா. உருட்ட உருட்ட உலோகம் விறைத்துக்கொள்ளும்; நடுவே உலையில் வைத்து இளக்கினால்தான் அடுத்த உருட்டலுக்கு இசைந்து கொடுக்கும். உலையிலிருந்து வெளியே வந்த ஒவ்வொன்றின் மேலும் பெரியவள் சாக்கட்டியால் 'ஆச்சு' என்று எழுதுவாள். அந்த எழுத்து இருந்தால் போதும், அப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பெரியவளை நிமிர்த்தி வைத்திருந்ததே அந்த உலைதான். வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னாலேயே சிலையாக நின்றுவிடுவாள். இங்கே கையுறையை மாட்டிவிட்டாலோ பழைய ஆள். "எப்படிம்மா இருக்கே?" என்று யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால், "ஏன், உன் கண்ணுக்கு நான் தெரியலையா?" என்று ஒரே போடாகப் போடுவாள்.

அன்று கடுப்பில் சின்னவள், உருட்டக் காத்திருந்த குழாய்களை வரிசையாகக் கடினத்தன்மை பார்க்கும் கருவியில் வைத்தாள். நடுவில் ஒன்று கல்லாக இருந்தது. இன்னொன்றும் அப்படியே. இரண்டிலும் 'ஆச்சு' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அட கடவுளே, இவை உலைக்குள் போகவே இல்லை!

அவள் மறுகோடிக்கு நடந்தாள். அங்கே அக்கா, உள்ளே போகவேண்டிய குழாய்களின் மேல் ஆச்சு, ஆச்சு என்று எழுதிக்கொண்டே போனாள். கை மட்டும்தான் இங்கே இருந்தது. திடீரென்று தலையை உதறிக்கொண்டு, எழுதாமல் விட்டவற்றை உலைக்குள் தள்ளினாள். எழுதியவற்றைப் பார்த்தாள். தன் கையெழுத்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்? வண்டியில் ஏற்றி மெஷின் பக்கம் அனுப்பிவிட்டாள்.

இனிமேல் ஒவ்வொன்றையும் தானே சோதித்துக்கொண்டால் போயிற்று, அக்காவுக்குத் தெரியவே வேண்டாம் என்று சின்னவளின் ஒரு மனம் சொன்னது. ஆனால் விரிசல் வெளியே தெரியாமல் தப்பிப் போனவை? ஒரு லோடு ஏற்கெனவே கிளம்பிவிட்டதே! எவனோ ஒருவன், பெற்றவள் வீட்டில் காத்திருக்க, அதை மாட்டிக்கொண்டு புகைக்குள் நுழைவான். அவள் நேரே மேனேஜரிடம் போனாள்.

அவர் உடனே லோடைத் திரும்ப வரவழைக்கச் சொன்னார். "சரி, அக்காகிட்ட யாரு சொல்றது?"

"நீங்களே சொல்லிடுங்க சார். என்னால முடியாது."

மறுநாள் அவர் சொன்னார். நல்ல மனுஷர்தான், பக்குவமாகத்தான் சொன்னார். ஆனால் அத்தனை பேர் நடுவில் சொன்னார். "கொஞ்ச நாள் ஸ்டோர்ல இருங்கம்மா. நல்லவேளை, உங்க தங்கச்சி கண்டுபிடிச்சாங்க." பெரியவள் கையுறையைக் கழற்றி உலைப் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

வேலை முடிந்ததும் கை கழுவுமிடத்தில் சின்னவள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, திட்டிடு. வேணா ஒரு அறை விட்டுடு."

"எதுக்குடி? நீ செஞ்சது சரிதான். யாரோட உசுரோ போயிருக்கும், என்னால." பெரியவள் குழாயைத் திறந்தாள். விரலில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைத் தேய்த்துக் கழுவினாள். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே போயி சொல்லியிருப்பேனே. என் தப்பை என் வாயால சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"நீ தாங்கமாட்டியோன்னுதான்..."

"எல்லாரும் என்னைப் பாவமாத்தான் பாக்கறாங்க. நீயுமாடி?"

சின்னவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. பெரியவள் சற்று நின்று பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, தினமும் இருவருமாக ஏறும் பேருந்துக்குத் தனியாக நடந்தாள்.